ஹவுராவிலிருந்து கௌர்: ஒரே பகலில் போய்த் திரும்ப

கொல்கத்தாவில் வேகமான ரயில் ஒன்றில் ஏறி, பழைய தலைநகரம் ஒன்றைப் பார்த்துவிட்டு, அன்றிரவே வீடு திரும்ப வேண்டும் என்று கேட்பவர்களுக்கு கௌர் என்றுதான் சொல்வேன். முர்ஷிதாபாத்தும் பிஷ்ணுபூரும் இதைவிடப் பெயர் பெற்ற ஊர்கள். பயண நிறுவனங்களின் விளம்பரத் தாள்களில் அவையே வரும். ஆனால் சேனர்கள் காலத்திலும் பிறகு சுல்தான்கள் காலத்திலும் வங்காளத்தின் தலைநகராக இருந்த இடம் மால்டா மாவட்டத்தில், வங்கதேச எல்லையை ஒட்டி, மாந்தோப்புகளுக்கும் குளங்களுக்கும் நடுவே சிதறிக் கிடக்கிறது. தோப்புக்குள் திரும்பும் ஒரு மண்பாதையின் முடிவில் 15ஆம் நூற்றாண்டுக் கோட்டை வாசல் நிற்கும். அதன் நிழலில் ஆடு கட்டியிருப்பார்கள். இந்தியாவில் இவ்வளவு பெரிய வரலாற்றை இவ்வளவு கூட்டமில்லாமல் பார்க்கக் கிடைக்கும் இடங்கள் குறைவு.

எந்த ரயில்

ஹவுரா–நியூ ஜல்பாய்குரி வந்தே பாரத் 2022 டிசம்பர் 30 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. மேற்கு வங்காளத்துக்குக் கிடைத்த முதல் வந்தே பாரத் அதுதான். எண் 22301. ஹவுராவில் காலை ஆறு மணிக்குச் சற்று முன் புறப்பட்டு, பத்தரை மணியளவில் மால்டா டவுனில் நிற்கும். அதே வண்டி 22302 என்ற எண்ணுடன் மாலை ஆறு மணிக்குச் சற்று முன் மால்டா திரும்பி, இரவு பத்தரை மணியளவில் ஹவுரா சேரும். இடையில் உங்களுக்குக் கிடைப்பது ஏழு மணி நேரம். வாரத்தில் ஆறு நாள் ஓடும் வண்டியாகத்தான் இதைத் தொடங்கினார்கள், புதன்கிழமை ஓய்வு. கால அட்டவணை அவ்வப்போது மாறும் என்பதால், தேதியை முடிவு செய்யும் முன் ஐஆர்சிடிசி தளத்தில் ஓடும் நாளையும் நேரத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வேகத்தைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மால்டா ஹவுராவிலிருந்து சுமார் 330 கி.மீ. அதைக் கடக்க நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. சராசரி மணிக்கு 70 கி.மீ.யை ஒட்டித்தான் வரும். சீனாவில் பெய்ஜிங்–ஷாங்காய் அதிவேக ரயில் இதே நேரத்தில் 1,318 கி.மீ. போய்விடுகிறது. அங்கே அந்த வேகத்துக்கென்றே தனிப் பாதை போட்டிருக்கிறார்கள். இங்கே வந்தே பாரத், சரக்கு வண்டியும் பாசஞ்சரும் ஓடும் அதே தண்டவாளத்தில் அவற்றுக்கு நடுவே வழி கேட்டுக்கொண்டு போகிறது. அப்படியானால் இதை எடுத்து என்ன பயன் என்று கேட்கலாம். பயன் நேர அமைப்பில் இருக்கிறது. காலையில் போய் மாலையில் திரும்பும் வண்டி என்பதால் மால்டாவில் அறை எடுக்காமல் கௌரைப் பார்த்து முடிக்கலாம். வயதானவர்கள், பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு இது பெரிய வசதி.

ரயிலில் தூங்க முடிகிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. எனக்குப் பிடித்ததும் அதுதான். சியால்டாவிலிருந்து இரவு பத்து மணிக்கு மேல் கௌர் எக்ஸ்பிரஸ் புறப்படும். தலைநகரின் பெயரைத் தாங்கிய பழைய படுக்கை வண்டி அது. விடிந்ததும் மால்டாவில் இறங்கலாம். அன்று மாலை வந்தே பாரத்தில் திரும்புங்கள். போகும்போது மெதுவாக, வரும்போது வேகமாக. ஒரு முழுப் பகல் கையில் இருக்கும். கௌர், சுல்தான்களின் இன்னொரு தலைநகரான பாண்டுவா இரண்டையும் பார்க்கலாம்.

முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். போக, வர இரண்டு டிக்கெட்டையும் ஒரே சமயத்தில் எடுத்துவிடுங்கள். திரும்பும் வண்டியில் டார்ஜிலிங், சிக்கிம் போய்விட்டு வரும் கூட்டம் இருக்கும். பூஜை விடுமுறையிலும் மே மாதத்திலும் இடம் கிடைப்பது அரிது. தட்கல் முந்தின நாள் காலை பத்து மணிக்குத் திறக்கும்; ஐஆர்சிடிசி கணக்குடன் ஆதாரை முன்பே இணைத்து வைத்திருக்க வேண்டும். சேர் கார், எக்ஸிகியூட்டிவ் என்று இரண்டு வகுப்புகள். நாலரை மணி நேரத்துக்குச் சேர் காரே போதும். எக்ஸிகியூட்டிவுக்குத் தரும் கூடுதல் காசை மால்டாவில் நல்ல கார் ஒன்றுக்குக் கொடுப்பது மேல்.

டிக்கெட் எடுக்கும்போது நிலையப் பெயரில் கவனம் வேண்டும். உங்களுக்கு வேண்டியது மால்டா டவுன், குறியீடு எம்.எல்.டி.டி. ஓல்டு மால்டா, மால்டா கோர்ட், கௌர் மால்டா என்று சுற்றுவட்டாரத்திலேயே வேறு நிலையங்கள் இருக்கின்றன. கௌர் மால்டா என்ற பெயரைப் பார்த்துவிட்டு அங்கே இறங்கலாம் என்று எண்ண வேண்டாம். விரைவு வண்டிகள் அங்கே நிற்பதில்லை. பாண்டுவாவில் குழப்பம் இன்னும் அதிகம். ஹவுராவிலிருந்து வர்தமான் போகும் பாதையில், ஹூக்ளி மாவட்டத்தில், பாண்டுவா என்றே ஒரு நிலையம் இருக்கிறது. அந்த ஊரிலும் பழைய மசூதியும் மினாரும் உண்டு. ஆனால் சுல்தான்களின் தலைநகராக இருந்த பாண்டுவா அதுவல்ல. அது மால்டாவுக்கு வடக்கே இருக்கிறது.

ஹவுராவில் விடியற்காலை

ஆறு மணிக்கு முன் வண்டி என்றால் மெட்ரோவை நம்பிப் பயனில்லை. ஹூக்ளி நதிக்கு அடியில் ஓடும் எஸ்பிளனேடு–ஹவுரா மெட்ரோ 2024 மார்ச்சில் வந்தபின் ஹவுரா போவது எளிதாகிவிட்டது உண்மை, ஆனால் அந்த நேரத்துக்கு அது ஓடத் தொடங்கியிருக்காது. இரவு திரும்பும்போதும் கடைசி மெட்ரோ போயிருக்கும். லேக் மார்க்கெட், ராஷ்பிகாரி அவென்யூ பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் முந்தின இரவே டாக்ஸிக்குச் சொல்லிவைத்து, நாலே முக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் நிதானமாகப் போகலாம். அந்த வேளையில் சாலை காலியாக இருக்கும். இரவு திரும்பும்போது நிலைய வாசலில் முன்கட்டண டாக்ஸிச் சாவடி உண்டு; வெளியே வந்து பேரம் பேசும் ஆட்களைத் தவிர்த்து அங்கே வரிசையில் நில்லுங்கள்.

ஹவுரா நிலையத்தில் பழைய வளாகம், புதிய வளாகம் என்று இரண்டு பகுதிகள். மொத்தம் 23 பிளாட்பாரங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மூட்டையுடன் நடக்கப் பத்து நிமிடமாவது பிடிக்கும். டாக்ஸியை எந்த வளாகத்தில் நிறுத்தச் சொல்வது என்று இறங்கும் முன்பே தெரிந்துகொண்டால் அலைச்சல் மிச்சம். வந்தே பாரத்தின் கதவுகள் தானாக மூடிக்கொள்ளும். நகரும் வண்டியில் ஓடி ஏறும் பழக்கம் இங்கே நடக்காது. வழியனுப்ப வந்த உறவினர் படம் எடுக்க உள்ளே ஏறினால், கதவு மூடியபின் அவரும் போல்பூர் வரை வர வேண்டியதுதான்.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னை–ஹவுரா மெயிலில் வந்தால், தாளில் பார்க்கையில் அப்படியே இறங்கி வந்தே பாரத்தில் ஏறிவிடலாம் என்று தோன்றும். 1,600 கி.மீ.க்கு மேல் ஓடி வரும் வண்டி ஒரு மணி நேரம் தாமதிப்பது பெரிய செய்தியல்ல. கொல்கத்தாவில் ஒரு நாள் தங்கிவிட்டு மறுநாள் காலையில் கிளம்புங்கள். கோரமண்டல் எக்ஸ்பிரஸில் வந்தால் ஹவுராவில் இறங்க மாட்டீர்கள். அது இப்போது ஷாலிமார் வரைதான் வருகிறது.

வழியில்

வர்தமானைத் தாண்டியதும் நெல்வயல்கள் மெல்லக் குறைந்து மண் சிவக்கும். அஜய் நதியைக் கடந்ததும் போல்பூர் சாந்திநிகேதன் வரும். வண்டியில் பாதிப் பேர் அங்கே எழுந்து இறங்குவார்கள். அதன்பின் ராம்பூர்ஹாட், நல்ஹாட்டி. பிறகு சிறிது தூரம் பாதை ஜார்க்கண்டுக்குள் புகுந்து பாகூர் வழியாக வெளியே வருகிறது. அங்கே ஜன்னலைப் பாருங்கள். இருபுறமும் கல் உடைக்கும் ஆலைகள், சாம்பலும் கருப்புமாகக் குவிந்த ஜல்லி. ராஜ்மகால் குன்றுகளின் எரிமலைப் பாறை அது. வங்கச் சமவெளியில் கல் கிடையாது. கௌரிலும் பாண்டுவாவிலும் நீங்கள் பார்க்கப்போகும் கருங்கல் தூண்களும் சுவர் முகப்புகளும் இந்தக் குன்றுகளின் கல்தான்.

அடுத்து ஃபராக்கா. கங்கையின் குறுக்கே இரண்டே கால் கி.மீ. நீளத்துக்குக் கட்டிய தடுப்பணையின் மேல் ரயில் போகும். கொல்கத்தாத் துறைமுகம் தூர்ந்துபோகாமல் இருக்கக் கங்கை நீரை பாகீரதிக்குத் திருப்புவதற்காக 1975இல் இதைச் செயல்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மால்டா போகும்போது இடப்பக்கம் நீர் ஏரியாகப் பரந்து நிற்கும். அணையின் மேல் படம் எடுக்கத் தடை உண்டு. கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு நதியைப் பார்க்கலாம். இந்தப் பாலம் வருவதற்கு முன் கொல்கத்தாவிலிருந்து வட வங்காளம் போகிறவர்கள் இங்கே ரயிலை விட்டிறங்கி, படகில் கங்கையைத் தாண்டி, மறுகரையில் வேறு வண்டி பிடித்தார்கள். கௌர் அழிந்ததற்கும் இந்த நதி இடம் மாறியதற்கும் தொடர்பு உண்டு என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால், இந்தச் சில நிமிடங்கள் பயணத்தின் பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

மால்டாவில் இறங்கியதும்

நிலையத்தை விட்டு வெளியே வந்தால் டோட்டோக்கள் சூழ்ந்துகொள்ளும். பேட்டரியில் ஓடும் ரிக்‌ஷாவை வங்காளம் முழுக்க டோட்டோ என்றுதான் சொல்கிறார்கள். கௌரின் இடிபாடுகள் நகரிலிருந்து 12 கி.மீ. தாண்டித் தொடங்கிப் பல கி.மீ. பரந்து கிடக்கின்றன. டோட்டோவில் போகலாம், ஆனால் போகவும் வரவும் நேரம் அதிகம் பிடிக்கும்; தோப்புகளுக்குள் போகும் பாதையில் குலுக்கலும் உண்டு. ஏழு மணி நேரம் மட்டுமே உள்ளவர்கள் காரோ ஆட்டோவோ நாள் வாடகைக்கு எடுப்பது நல்லது. ஒருவழிக்குப் பேசிக்கொண்டு போனால் திரும்ப வண்டி கிடைக்காது.

ஓட்டுநரை "தாதா" என்று அழையுங்கள். "தாதா, கௌட் ஜாபேன்? ஷாரா தின், கோதோ நேபேன்?" என்று கேட்டால் போதும்: கௌர் வருவீர்களா, முழு நாளுக்கு எவ்வளவு என்று பொருள். அவர் சொல்லும் தொகையைக் கேட்டபின் எந்தெந்த இடங்கள் என்று பெயர் சொல்லிப் பட்டியலிடுங்கள். பல ஓட்டுநர்கள் நாலைந்து இடங்களைக் காட்டிவிட்டு "அவ்வளவுதான்" என்பார்கள். லத்தன் மசூதியும் தாந்திபாரா மசூதியும் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் விட்டுப்போகும்.

கிளம்பும் முன் மால்டா நகரின் ரத்பாரி மோடு சந்திப்புப் பக்கம் தண்ணீர், பழம், பிஸ்கட் வாங்கிக்கொள்ளுங்கள். கௌருக்குள் டீக்கடை இருக்கும், சாப்பாட்டுக்கடையை நம்ப முடியாது. சைவக்காரர்கள் "நிராமிஷ்" என்ற சொல்லைச் சொல்லிக் கேட்க வேண்டும்; வெங்காயம், பூண்டு இல்லாத சாப்பாட்டையே அங்கே அப்படிச் சொல்வார்கள். கழிப்பறை வசதியை நிலையத்திலேயே பார்த்துக்கொள்வது நல்லது, குறிப்பாகப் பெண்களுக்கு.

கௌரில் எதைப் பார்ப்பது

முதலில் ஊரின் கதையைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள். தெரியாமல் போனால் பத்து இடிந்த செங்கல் கட்டடங்களைப் பார்த்த களைப்புதான் மிஞ்சும். லட்சுமண சேனனின் பெயரால் லட்சுமணாவதி, பிறகு லக்னௌதி என்று அழைக்கப்பட்ட நகரம் இது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்தியார் கில்ஜியின் கைக்குப் போயிற்று. 14ஆம் நூற்றாண்டில் வங்கச் சுல்தான்கள் டெல்லியிடமிருந்து பிரிந்து தனியரசானபோது தலைநகரைப் பாண்டுவாவுக்கு மாற்றினார்கள். 15ஆம் நூற்றாண்டின் நடுவில் மறுபடி கௌருக்கே வந்தார்கள். இன்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி அதற்குப் பிந்தைய நூறு ஆண்டுகளில் எழுந்தது. 1538இல் ஷேர் ஷா நகரைச் சூறையாடினார். ஹுமாயூன் சில மாதம் தங்கி இதற்கு ஜன்னத்தாபாத் என்று பெயரிட்டார். 1575இல் அக்பரின் தளபதி முனிம் கான் ஆட்சியிருக்கையை இங்கே கொண்டுவந்த சில மாதங்களில் கொள்ளைநோய் பரவியது. அவரும் இறந்தார், நகரமும் காலியாயிற்று. நதியும் நகரை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது. அதன்பின் கௌர் தலைநகராக எழவேயில்லை.

மால்டா நகரிலிருந்து எல்லையிலுள்ள மஹதிபூர் போகும் சாலையில் பியாஸ்பாரி வந்ததும் உள்ளே திரும்பினால் முதலில் ராம்கேலி. வைணவ மகான் சைதன்யர் பிருந்தாவனம் போகும் வழியில் இங்கே தங்கியபோது, சுல்தான் ஹுசேன் ஷாவிடம் உயர் பதவியில் இருந்த ரூபர், சனாதனர் என்ற சகோதரர் இருவரும் அவரைச் சந்தித்தார்கள்; பின்னாளில் கௌடிய வைணவத்தின் பெரும் ஆசிரியர்களாக ஆனார்கள். ஆனி பிறக்கும் வேளையில், ஜூன் நடுவில், இங்கே பெரிய திருவிழா நடக்கும். அப்போது போனால் திருவிழாவைப் பார்க்கலாம், கௌரைப் பார்க்க முடியாது.

அடுத்து பாரோதுவாரி என்னும் பெரிய சோனா மசூதி. 1526இல் சுல்தான் நுஸ்ரத் ஷா கட்டி முடித்தது. கௌரிலேயே பெரிய கட்டடம் இது. செங்கல் சுவருக்கு வெளியே கல் போர்த்தியிருக்கிறார்கள். பிரதான மண்டபத்தின் கூரை முழுக்கப் போய்விட்டது. முன்தாழ்வாரத்தின் மேல் மட்டும் பதினொரு குவிமாடங்கள் மிஞ்சி நிற்கின்றன. அந்தத் தாழ்வாரத்தின் ஒரு கோடியில் நின்று மறுகோடி வரை வளைவுகளைப் பாருங்கள்.

தாக்கில் தர்வாஜாவில் அவசரப்படாதீர்கள். கோட்டையின் வடக்கு வாசல் அது. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, உயரம் அறுபது அடிக்கு மேல். உள்ளே சுரங்கம் போல நீளும் வழியின் இருபுறமும் காவலர் அறைகள். கல்லே இல்லாத மண்ணில், களிமண்ணைச் சுட்டு இவ்வளவு உயரம் எழுப்பியிருக்கிறார்கள். மூலைக் கோபுரங்களில் சுடுமண் பூவேலையும் தொங்கும் விளக்குகளின் வடிவமும் இன்னும் தெரிகின்றன. கண்ணை ஓட்டிவிட்டுப் போனால் வெறும் சிவப்புச் சுவர்தான். கிட்டப் போய் ஒரு சாண் அகலச் சுவரை மட்டும் சில நிமிடம் பார்த்தால், ஒவ்வொரு செங்கல்லும் தனியாகச் செதுக்கப்பட்டிருப்பது புரியும்.

ஃபிரோஸ் மினார் அங்கிருந்து ஒரு கி.மீ. அளவில். அபிசீனிய வம்சத்துச் சுல்தான் சைஃபுத்தீன் ஃபிரோஸ் ஷா 1480களின் இறுதியில் எழுப்பியது. 26 மீட்டர் உயரம். கீழ் மூன்று அடுக்குகள் பன்னிரண்டு பட்டையாகவும் மேலிரண்டு வட்டமாகவும் இருக்கும். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாக வந்து, அரண்மனைக் காவலில் உயர்ந்து, வங்க அரியணையிலேயே அமர்ந்த ஹப்ஷிகளின் சில ஆண்டு ஆட்சிக்கு நிற்கும் சாட்சி இது.

இதன்பின் வருவதுதான் கௌரின் நெஞ்சுப்பகுதி. கதம் ரசூல், ஃபதே கான் கல்லறை, லுகோசுரி தர்வாஜா, சிக்கா கட்டடம், கும்டி தர்வாஜா எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. வண்டியை நிறுத்திவிட்டு இங்கே ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். கதம் ரசூல் 1531ஐச் சேர்ந்தது, நபிகளின் பாதத்தடம் என்று போற்றப்படும் கல்லுக்காகக் கட்டியது. இன்றும் வழிபாட்டிடம் என்பதால் செருப்பை வெளியே விட்டு, தலையை மூடி உள்ளே போங்கள். அதன் பக்கத்தில் ஃபதே கான் கல்லறையின் கூரையைப் பாருங்கள். மூங்கிலை வளைத்து வைக்கோல் வேய்ந்த வங்கக் குடிசையின் இரு சரிவுக் கூரையை அப்படியே செங்கல்லில் கட்டியிருக்கிறார்கள். வழியெல்லாம் ரயில் ஜன்னலில் பார்த்த குடிசையின் வடிவம் இது. சிக்கா கட்டடத்தின் இறவாரமும் நேர்கோடாக இல்லாமல் நடுவில் உயர்ந்து இருபுறமும் தாழும். மழைநீர் வடிய வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்த வடிவம் அது. பிஷ்ணுபூர்க் கோயில்களுக்கும் அங்கிருந்து வெகுதூரம் தள்ளி ஆக்ரா, லாகூர்க் கோட்டைகளின் முகலாய மண்டபங்களுக்கும் இதே வளைகூரை போய்ச் சேர்ந்தது. கௌரில் ஒரு விஷயத்தை மட்டும் மனத்தில் வாங்கிக்கொள்ள முடியும் என்றால், இந்த வளைவை வாங்கிக்கொள்ளுங்கள்.

லத்தன் மசூதிக்கு வெயில் சாயும் நேரம் பொருந்தும். 1475ஐச் சேர்ந்தது என்பார்கள். ஓர் ஆடல்மகளின் பெயரோடு சேர்த்து ஊரார் கதை சொல்வார்கள். நீலம், பச்சை, மஞ்சள், வெள்ளை மெருகிட்ட செங்கற்கள் சுவரெங்கும் பதித்திருந்தன. இன்று அங்கங்கே திட்டுத்திட்டாக மிஞ்சியிருப்பதே அழகாக இருக்கிறது. அதற்கும் தெற்கே, எல்லையில், கோத்வாலி தர்வாஜாவின் இடிபாடு. சரக்கு லாரிகள் வரிசையாக நிற்கும் மஹதிபூர்ச் சோதனைச் சாவடி அங்கேதான். எல்லைக் காவலர்கள் கேட்டால் காட்ட அடையாள அட்டை வைத்திருங்கள். அங்கே கேமராவை எடுக்காதீர்கள். இன்னொன்று: சில கைப்பேசிகள் அங்கே வங்கதேசக் கோபுரத்தைப் பிடித்து, நேரத்தை அரை மணி முன்னே தள்ளிக் காட்டும். கைக்கடிகாரத்தைப் பார்த்து ரயிலுக்குக் கிளம்புங்கள். சோட்டா சோனா மசூதி என்னும் அழகான சிறிய மசூதி எல்லைக்கு அப்பால், வங்கதேச மண்ணில் இருக்கிறது. விசா இல்லாமல் அதைப் பார்க்க வழியில்லை. ஒரே தலைநகரை 1947இன் கோடு இரண்டாக வெட்டிப்போட்டிருக்கிறது.

மாலை நாலே காலுக்குக் கௌரை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். ரத்பாரி மோட்டில் நெரிசல் பிடித்துக்கொண்டால் அரை மணி போய்விடும். டிசம்பரில் ஐந்து மணிக்கே சூரியன் மறைந்துவிடும் என்பதால் அதற்குப் பின் இருந்தும் பயனில்லை.

பாண்டுவா

மால்டாவுக்கு வடக்கே சுமார் 18 கி.மீ. கௌருக்கு நேர் எதிர்த்திசை. காலை பத்தரைக்கு வந்து இறங்கி இரண்டையும் பார்த்துவிடலாம் என்று ஓட்டுநர் சொல்வார். முடியும், ஆனால் இரண்டையும் பார்த்ததாக ஆகாது. பாண்டுவா வேண்டும் என்பவர்கள் இரவு வண்டியில் வர வேண்டும், அல்லது மால்டாவில் ஓர் இரவு தங்க வேண்டும். மேற்கு வங்கச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதியும் நிலையத்தை ஒட்டிச் சுமாரான ஓட்டல்களும் இருக்கின்றன.

ஆதினா மசூதிக்காகவே அந்த ஓர் இரவு தகும். சுல்தான் சிக்கந்தர் ஷா 1370களில் கட்டியது. நீளம் ஐந்நூறு அடிக்கு மேல். துணைக்கண்டத்திலேயே மிகப் பெரிய மசூதியாக அது ஒரு காலத்தில் இருந்தது. பெரும்பகுதி சரிந்துவிட்டது. நிற்கும் தூண்களின் வரிசைக்கு நடுவே நடந்தால் அதன் அளவு காலில் தெரியும். முந்தைய காலத்துக் கோயில்களின் கற்களும் சிற்பங்களும் சுவர்களில் கலந்திருப்பதைக் காணலாம். பக்கத்தில் ஏக்லாக்கி கல்லறை: ஒரே குவிமாடம், சதுரத் தளம், வளைந்த இறவாரம். ராஜா கணேசரின் மகனாகப் பிறந்து, இஸ்லாத்தைத் தழுவி ஆண்ட ஜலாலுத்தீன் முகம்மது ஷாவின் கல்லறையாக இதைக் கருதுகிறார்கள். கௌரில் பார்த்த வளைவு செங்கல்லில் முதன்முதலாகத் தெளிந்து வந்தது இங்கேதான்.

பாண்டுவா தலைநகராக இருந்தபோது சீனப் பேரரசின் தூதர்கள் சிட்டகாங்கில் கப்பலிறங்கி இந்த ஊருக்கு வந்திருக்கிறார்கள். வங்கச் சுல்தான் 1414இல் ஆப்பிரிக்க ஒட்டகச்சிவிங்கி ஒன்றை மிங் பேரரசர் யோங்லேவுக்கு அனுப்பிவைத்தார். சீன அரசவையில் அதை நல்லூழ் கொண்டுவரும் தெய்வ விலங்கென்றே வரவேற்று ஓவியமும் தீட்டினார்கள்.  

பருவமும் பலகாரமும்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நடக்க ஏற்றது. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் மூடுபனியால் ரயில் தாமதமாகலாம். ஏழு மணி நேரம் ஐந்தாகச் சுருங்கினால் ராம்கேலியையும் கோத்வாலியையும் விட்டுவிட்டு, தாக்கிலும் கதம் ரசூல் சுற்றும் மட்டும் பாருங்கள். ஏப்ரல், மே வெயில் கடுமை. ஆனால் மே கடைசியில் ஹிம்சாகர் மாம்பழம் வரத் தொடங்கும். பிறகு லட்சுமண்போக், கடைசியாகப் பெரிய ஃபஸ்லி. மூன்றுக்கும் புவிசார் குறியீடு உண்டு. பழத்துக்காக வெயிலைப் பொறுத்துக்கொள்ள முடியும் என்பவர்கள் ஜூன் முதல் வாரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். இனிப்பில் மால்டாவின் ரசகதம்பா வாங்குங்கள்: உள்ளே சிறிய ரசகுல்லா, அதைச் சுற்றிக் கோவா, மேலே கசகசா. மறுநாள் வரை கெடாமல் வரும்.

கொல்கத்தா திரும்பிய பின்

இடிந்த கௌர் பிற்காலத்தில் கட்டடச் சரக்குக் கிடங்காகவே ஆகிவிட்டது. செங்கல்லும் கல்லும் படகேறி மால்டாவுக்கும் முர்ஷிதாபாத்துக்கும் கொல்கத்தாவுக்கும் போயின. ஆளுநர் மாளிகைக்கு அருகில் இருக்கும் செயின்ட் ஜான் தேவாலயம் 1787இல் திறக்கப்பட்டது. அதன் கட்டுமானத்துக்குக் கௌரிலிருந்து கல் கொண்டுவந்தார்கள். மறுநாள் காலையில் அங்கே போய்த் தரையைப் பார்க்கலாம். தமிழர்களுக்கு இது புதிய கதையல்ல. கங்கைகொண்ட சோழபுரத்தின் சுற்றுச்சுவர்க் கற்களும் 1836இல் கீழணை கட்டப் பெயர்த்துக்கொண்டு போகப்பட்டவைதான். கங்கை வரை படை அனுப்பி, வங்கத்து மகிபாலனை வென்றதன் நினைவாக ராஜேந்திர சோழன் எழுப்பிய ஊர் அது.

லத்தன் மசூதிப் பக்கம் உதிர்ந்து கிடக்கும் மெருகுச் செங்கல் துண்டை நினைவுக்காக எடுத்துவர ஆசை வரும். சிறுவர்கள் யாராவது விற்கவும் வரலாம். எடுக்காதீர்கள், வாங்காதீர்கள். சுவரில் நிறம் மிஞ்சியிருப்பதே கொஞ்சம்தான். இருப்பது அங்கேயே இருக்கட்டும்.